வெளிநாட்டு நிதி நின்றால் வடசென்னை ஆஸ்பத்திரியில் எது நிற்கும்?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தது. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அன்றே அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை 1-இல், அந்த உதவிகளைக் கொடுத்துவந்த அமெரிக்க அரசின் யூ.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்டது. விலகலுக்கான ஓராண்டு அறிவிப்புக் காலமும் 2026 ஜனவரி 22-இல் முடிந்துவிட்டது. செய்தியைப் படித்த வியாசர்பாடிக்காரருக்கும் தண்டையார்பேட்டைக்காரருக்கும் எழும் கேள்விகள் நியாயமானவை. டிபி மாத்திரையை இனிக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? குழந்தைகளுக்குப் போடும் ஊசி நிற்குமா? கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை கிடைக்குமா?

சுருக்கமான பதில்: இந்தக் காரணத்தால் மாத்திரையும் ஊசியும் நிற்காது. இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் வெளிநாட்டு நிதியின் பங்கு நூற்றில் ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. மருந்துக்கான பணம் டெல்லியிலிருந்தும் கோட்டையிலிருந்தும் ரிப்பன் மாளிகையிலிருந்தும் வருகிறது. ஆனால் அந்த ஒரு பங்கு எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். அதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக் கூட்டு முயற்சி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே பெயரில் நான்கு ஏற்பாடுகள்

ஆஸ்பத்திரி வாசல் பலகையில் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரைப் பார்த்தால் நாம் எல்லாவற்றையும் ‘உதவி’ என்றே சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவை நான்கு வெவ்வேறு ஏற்பாடுகள்.

1. கடன். உலக வங்கியும் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவும் தருவதில் பெரும்பகுதி இதுதான். வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். கட்டடம், கருவி, ஆம்புலன்ஸ், பயிற்சி, கணினிப் பதிவு போன்றவற்றுக்குப் போகும்.

2. கொடை. திரும்பக் கொடுக்க வேண்டாம். 2000-இல் தொடங்கிய தடுப்பூசிக் கூட்டணி காவி, எய்ட்ஸ், டிபி, மலேரியாவுக்காக 2002-இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட், மூடப்பட்ட யூ.எஸ்.எய்ட் எல்லாம் இந்த வகை. இந்தப் பணம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நோயின் பெயரிலேயே வரும். எய்ட்ஸுக்கு வந்த பணத்தில் பிரசவ வார்டுக்குக் கட்டில் வாங்க முடியாது.

3. ஆளும் அறிவும். உலக சுகாதார நிறுவனத்தின் வேலை இதுதான். 1997-இல் இந்திய அரசும் அந்த நிறுவனமும் சேர்ந்து போலியோ கண்காணிப்பை உருவாக்கின. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டால், 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுத்துக் குளிர்ச்சி குறையாமல் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் அப்படிப்பட்ட கூடங்களில் ஒன்று. 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் போலியோ இல்லை, 2014 மார்ச் 27-இல் சான்றிதழும் கிடைத்தது என்றால், இந்தச் சலிப்பூட்டும் வேலையை விடாமல் செய்ததும் ஒரு காரணம்.

4. கூட்டு பேரம். பல நாடுகளின் தேவையைச் சேர்த்துக் காட்டி மருந்துக் கம்பெனியிடம் விலையைக் குறைப்பது. பணம் கைமாறாமலே பலன் கிடைக்கும் வழி. இதன் பலன் பெரியது, பேசப்படுவது குறைவு.

உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குப் பணம் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2026-27 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து அதன் அடிப்படைப் பணிகளுக்கான பட்ஜெட் 420 கோடி டாலர். ஆண்டுக்கு 210 கோடி டாலர் என்றால் சுமார் 18,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 2025-26-இல் ஒதுக்கிய தொகை 21,906 கோடி. உலகம் முழுவதற்குமான ஒரு நிறுவனம் நம் ஒரு மாநிலத்தின் சுகாதாரத் துறையைவிடக் குறைந்த பணத்தில் ஓடுகிறது. அதனிடம் நாம் பெறுவது நெறிமுறை, எச்சரிக்கை, தரச் சான்று, நிபுணர்கள். அமெரிக்கா விலகியதால் நமக்கு வரும் நஷ்டமும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

கடனை யார் வாங்குகிறார், யார் கட்டுகிறார்

உலக வங்கியிடம் மாநில அரசு நேரடியாகக் கடன் வாங்க முடியாது. ஒப்பந்தத்தில் இந்திய அரசு கையெழுத்திடும், பணத்தை மாநிலம் செலவழிக்கும். 2005-க்குப் பிறகு தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ‘வந்தபடியே கொடுப்பது’ என்ற முறை வந்தது. வெளியார் என்ன நிபந்தனையில் கொடுத்தாரோ அதே நிபந்தனையில் மத்திய அரசு மாநிலத்துக்கு மாற்றிவிடும். டாலர் ஏறினால் சுமை மாநிலத்தின் தலையில்.

தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கி 2019-இல் ஒப்புக்கொண்ட கடன் 28.7 கோடி டாலர். டாலர் 70 ரூபாய் என்று வைத்தால் 2,009 கோடி. 85 ரூபாய் என்று வைத்தால் 2,439 கோடி. கடன் தவணை தவணையாக வரும், தவணை தவணையாகத்தான் கட்டுவோம். அதனால் முழு வித்தியாசமும் ஒரே நாளில் விழாது. ஆனாலும் ‘வட்டி குறைவு’ என்று மட்டும் சொல்லி இந்தப் பணத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இந்தக் கடன்களால் வடசென்னைக்கு என்ன கிடைத்தது? 1980-களின் கடைசியில் உலக வங்கிக் கடனில் பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ஒரு குடும்பநலத் திட்டம் வந்தது. குடிசைப் பகுதிகளில் ‘ஹெல்த் போஸ்ட்’ என்ற சிறு மையங்கள் அப்போதுதான் முளைத்தன. திட்டம் முடிந்த பிறகும் மாநகராட்சி அவற்றை மூடவில்லை. 2013-இல் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வந்தபோது, 50,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கணக்கில் புது அமைப்பை எழுப்ப இந்த மையங்கள் அடித்தளமாக இருந்தன. 2005 முதல் 2015 வரை ஓடிய அடுத்த உலக வங்கித் திட்டத்தின் காலத்தில்தான், 2008 செப்டம்பரில், 108 ஆம்புலன்ஸ் வந்தது. எண்ணூரில் விபத்தில் அடிபட்டவரை ஸ்டான்லிக்குக் கொண்டுவரும் வண்டி கடன் திட்டத்தில் பிறந்தது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. அது நல்ல அடையாளம். திட்டத்தின் பெயர் மறந்துபோய் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கடன் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். ஜைக்கா 2016-இல் நகர்ப்புற ஆஸ்பத்திரிகளுக்காக 2,553.7 கோடி யென் கடனுக்குக் கையெழுத்திட்டது. ஓட்டேரி, அயனாவரம் பகுதி மக்கள் போகும் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியின் அடுக்குமாடிக் கட்டடம் அந்த வழியில் வந்தது.

பில்லுக்குப் பணமா, பலனுக்குப் பணமா?

பழைய முறையில் சிமென்ட் வாங்கிய பில்லைக் காட்டினால் வங்கி பணத்தை விடுவிக்கும். 2019 திட்டம் அப்படியல்ல. இத்தனை ஆஸ்பத்திரிகள் தேசியத் தரச் சான்று பெற வேண்டும், இத்தனை பேருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கவனிக்கப்பட வேண்டும் என்று இலக்குகளை முதலிலேயே எழுதிவிடுவார்கள். இலக்கை எட்டியதை வெளி ஆள் சரிபார்த்த பிறகுதான் அந்த இலக்குக்கான பணம் வரும்.

யோசனை நல்லது. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்ணுவதற்கு எளிதான வேலை முன்னே வரும், எண்ணக் கடினமான வேலை பின்னே போகும். முகாம் போட்டு 1,000 பேருக்கு அழுத்தம் பார்ப்பது ஒரு வார வேலை. அதில் உயர் அழுத்தம் உள்ளவர்களை 140/90-க்குக் கீழே கொண்டுவந்து ஓராண்டு அங்கேயே நிறுத்துவது வேறு வேலை. 2020-இல் தமிழகத்தில் நடந்த ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோன பிறகு, அடுத்த சுற்று ஆய்வில் அது 17 சதவீதமானது. இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது பெரிய விஷயம். நூற்றில் 83 பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே அளவுக்குப் பெரிய விஷயம்.

கட்டுக்குள் வராததற்குக் காரணம் பல நேரம் மருத்துவம் அல்ல, மாத்திரைக் கணக்கு. காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலத்துக்குப் போகும் பெண்மணிக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் 30 மாத்திரை கொடுத்தால் மாதம் ஒருமுறை வந்தால் போதும். ஸ்டாக் குறைவு என்று 10 மாத்திரை கொடுத்தால் மாதத்துக்கு மூன்று முறை வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவது முறை அவர் வரமாட்டார். வரமுடியாது, அன்றைய கூலி போய்விடும். பதிவேட்டில் அவர் ‘சிகிச்சையை நிறுத்தியவர்’. உண்மையில் நிறுத்தியது ஸ்டாக் ரூம்.

இந்த இடத்தில் தமிழ்நாடு வெளியாரிடம் கற்றதைவிட வெளியாருக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது, ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் பரிசோதனைக்கு அனுப்புகிறது, மாவட்டக் கிடங்குகளில் அடுக்குகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று இருக்கும், எடுத்ததைப் பதிந்து கழிப்பார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. வெளிநாட்டுப் பணம் நின்றாலும் பிரஷர் மாத்திரை நிற்காது என்று தைரியமாகச் சொல்வதற்கு இந்தப் பாஸ்புக்கே ஆதாரம்.

சளி பார்க்கும் ஒரு பெட்டி

கொடையாகவோ சலுகை விலையிலோ வந்த கருவி எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். காசநோய்ப் பிரிவில் ‘சி.பி.நாட்’ என்று சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். இந்தக் கருவிக்கு 131 இருந்தால் போதும், பின்னால் வந்த ‘அல்ட்ரா’ கார்ட்ரிட்ஜுக்கு (சளியை விட்டுக் கருவியில் செருகும், ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு பெட்டகம்) 16 போதும். டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

வேலை நடக்கும் விதம் இது:

1. சளியைப் போல இரண்டு பங்கு ரசாயனத் திரவம் சேர்த்து மூடி, நன்றாகக் குலுக்க வேண்டும்.
2. 10 நிமிடம் வைத்து, மறுபடி குலுக்கி, இன்னும் 5 நிமிடம் வைக்க வேண்டும். சளி தண்ணீர்போல இளக வேண்டும்.
3. அதில் 2 மில்லிலிட்டரைக் கார்ட்ரிட்ஜில் விட்டுக் கருவியில் செருக வேண்டும்.
4. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு திரையில் வரும்.

எங்கே தவறும்? சளியில் சோற்றுப் பருக்கையோ ரத்தக் கட்டியோ இருந்தால், அல்லது 15 நிமிடத்தைப் பொறுக்காமல் 5 நிமிடத்தில் ஊற்றினால், கார்ட்ரிட்ஜின் நுண்குழாய் அடைத்து அழுத்தப் பிழை காட்டும். அந்தக் கார்ட்ரிட்ஜ் வீண், நோயாளியை மறுபடி கூப்பிட வேண்டும். அறையின் வெப்பம் 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜைப் பாதுகாக்கும் இடம் 28 டிகிரியைத் தாண்டக் கூடாது. சென்னை மே மாதத்தில் ஏ.சி. பழுதானால் கருவியும் படுத்துவிடும். மின்சாரம் நடுவில் போனால் ஓடிக்கொண்டிருந்த நான்கு பரிசோதனையும் போகும், அதனால் யூ.பி.எஸ். கட்டாயம். விசிறி வடிகட்டியில் தூசி அடைந்தால் உள்ளே சூடேறும். நான்கு அறை கொண்ட கருவியில் ஒவ்வோர் அறையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளவு சரிபார்க்க வேண்டும். அதற்கான ஒப்பந்தம் காலாவதியானால் ஓர் அறை நின்று, நாளின் வேலையில் கால் பங்கு போய்விடும்.

இப்போது காசுக் கணக்கு. சலுகை விலையில் இந்த நான்கு அறைக் கருவி 17,000 டாலரை ஒட்டி இருந்தது. கார்ட்ரிட்ஜ் ஒன்று 16.86 டாலராக இருந்தது. 2012-இல் கேட்ஸ் அறக்கட்டளை, அமெரிக்க அரசு அமைப்புகள், சர்வதேச நிதி அமைப்பான யூனிடெய்ட் மூன்றும் சேர்ந்து கம்பெனிக்கு ஈடுகட்டியதால் 9.98 டாலருக்கு இறங்கியது. 2023 செப்டம்பரில் 7.97. நாளுக்கு 12 பரிசோதனை, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 3,600 கார்ட்ரிட்ஜ். அதன் விலை 28,692 டாலர். அதாவது ஒரே ஆண்டின் கார்ட்ரிட்ஜ் செலவு பெட்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. இதற்கு மேல் டெக்னீஷியன் சம்பளம், ஏ.சி. கரண்ட் பில், பராமரிப்பு. திறப்பு விழாவில் ரிப்பன் கட்டுவது பெட்டிக்கு. நோயைக் கண்டுபிடிப்பது கார்ட்ரிட்ஜும் டெக்னீஷியனும். யார் கருவி கொடுத்தார் என்ற கேள்வியைவிட, இரண்டாம் ஆண்டுக் கார்ட்ரிட்ஜை யார் வாங்குவார் என்ற கேள்விதான் ஒரு கூட்டு முயற்சியின் தரத்தைச் சொல்லும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், ஏ.சி. இல்லாத சிறு நிலையத்திலும் வைக்கலாம். இறக்குமதிக் கார்ட்ரிட்ஜை மட்டுமே நம்பியிருந்த நிலை அதனால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

விலை உயர்ந்த பெட்டி இல்லாமலும் உயிரைக் காப்பாற்றலாம். 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான உடனே சில அளவுகளைப் பார்க்கிறார்கள். உடல் எடைக் குறியீடு 14-ஓ அதற்குக் கீழோ, அல்லது கால் வீக்கத்தோடு 16-ஓ அதற்குக் கீழோ இருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா? ஆக்சிஜன் 94-க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தேவைப்படும் கருவிகள் எடை மிஷின், உயரம் பார்க்கும் பட்டை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மட்டும்.

தடுப்பூசி: வெளியார் விலகிய பிறகும் ஓடுவது

2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வந்தது. தொடக்கச் செலவு காவியுடையது, பின்னர் அந்தச் செலவை இந்திய அரசு தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. காவியின் விதியே அப்படித்தான். நாட்டின் தலா வருமானம் ஏற ஏறத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் விலகும். எப்போது விலகுவோம் என்று நுழையும்போதே சொல்லிவிடுவதால் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க அவகாசம் கிடைக்கிறது. ஓர் உத்தரவில் 90 நாளுக்கு நிறுத்தியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

தடுப்பூசியின் இருப்பையும் வெப்பத்தையும் கண்காணிக்க, காவியின் நிதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அமைத்த ‘ஈவின்’ இன்னொரு உதாரணம். ஊசி மருந்து வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடேறினால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி, டி.டி. வகை ஊசிகள் கெட்டுவிடும் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, குழந்தைக்குப் போட்டாலும் பாதுகாப்பு இருக்காது. காலையும் மாலையும் கையால் எழுதும் பதிவேட்டில் இரவு மூன்று மணிக்கு நடந்தது விழாது. பெட்டிக்குள் இருக்கும் உணரி வெப்பத்தைத் தானே பதிந்து, எல்லை மீறினால் போனுக்குச் செய்தி அனுப்பும். எந்த மையத்தில் எத்தனை குப்பி இருக்கிறது என்பதும் அதே இணைப்பில் தெரியும்.

1956: மெட்ராஸிலிருந்து உலகத்துக்குப் போனது

கூட்டு முயற்சி என்றால் மேலிருந்து கீழே வருவது என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அன்று டிபி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அவ்வளவு படுக்கை எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளை எடுத்தார்கள். சீட்டுக் குலுக்கல் போல ஒரு பாதியை சானடோரியத்துக்கும் ஒரு பாதியை வீட்டுக்கும் பிரித்தார்கள். இரு பக்கத்துக்கும் அதே மருந்து, ஐசோனியாசிடும் ‘பாஸ்’ (பி.ஏ.எஸ்.) என்ற அக்கால டிபி மருந்தும், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. சாப்பாடு போதாமல், ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு படுத்து, வேலைக்கும் போய்வந்த வீட்டு நோயாளிகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது. அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்பே பரவியதுதான் பெரிய ஆபத்து என்று தெரிந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டு டிபி வெளிநோயாளி நோயாக மாறியதற்கு இது முக்கியக் காரணம்.

அந்த மையம் முதலில் ஐந்தாண்டுக்கு மட்டும் எண்ணித் தொடங்கியது. வெளிநாட்டு நிபுணர்கள் போன பிறகு ஐ.சி.எம்.ஆர். அதைத் தன் நிரந்தர நிறுவனமாக ஏற்றுச் சம்பளத்தையும் ஏற்றது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இங்கே கேட்ட கேள்வி நம்முடைய கேள்வி, வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வெளியார் முறையையும் கணக்கியல் கண்டிப்பையும் கொண்டுவந்தார்கள். பணத்தைவிட அதுதான் தங்கியது.

பணமே இல்லாத கூட்டு

சர்வதேசச் சுகாதார விதிகள் 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. இதில் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை, விதிக்குக் கட்டுப்படுவதுதான் கூட்டு. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வரும் கப்பலிடம் சுகாதாரச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். எலி, பூச்சி, குடிநீர், குப்பை எல்லாம் பார்த்துத் தருவது. துறைமுகத்தின் பயணிகள், சரக்கு, கன்டெய்னர் பகுதிகளைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டருக்கு நோய் பரப்பும் கொசுவும் எலியும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதும் விதி. ராயபுரத்தில் அந்த 400 மீட்டரை அளந்தால் அது தெருவுக்குள் வரும். மூடாத தண்ணீர்த் தொட்டியும் பழைய டயரும் அந்த வட்டத்துக்குள் உலகச் சட்டத்தின் விஷயமாகிவிடுகின்றன.

அப்படியானால் எது நிற்கும்?

மருந்துக்குள்ள ஆபத்து வேறு திசையிலிருந்தும் வரும். 2024 தொடக்கத்தில் பல மாநிலங்களில் டிபி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. உள்ளூரிலேயே மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்த மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அப்போது யூ.எஸ்.எய்ட் மூடப்படவில்லை. உள்நாட்டுக் கொள்முதல் தாமதமே பிரச்சினை.

வெளிப்பணம் சுருங்கும்போது முதலில் போவது ஆட்கள். தென்னாப்பிரிக்கா எச்.ஐ.வி. மாத்திரைகளைத் தன் பணத்தில்தான் வாங்குகிறது. அதன் எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கத் திட்டத்தின் பங்கு 17 சதவீதம்தான். ஆனால் அந்தப் பங்கில்தான் 15,000-க்கு மேற்பட்ட பணியாளர்களுக்குச் சம்பளம் போனது. ஆலோசகர், பரிசோதனை செய்பவர், கணினியில் பதிபவர், வராத நோயாளியைத் தேடிப் போகிறவர். நிதி நின்றபோது மாத்திரை அலமாரியில் இருந்தது, அதை வாங்க ஆளைக் கூட்டிவரும் ஆள் இல்லை. மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளின் நிலை இதைவிட மோசம், அங்கே மருந்தே வெளிப்பணம்.

தமிழ்நாட்டில் யூ.எஸ்.எய்ட் பணம் எய்ட்ஸ் தடுப்பில்தான் ஆழமாக இறங்கியது. 1995-இல் அடையாறு வி.எச்.எஸ். என்ற தன்னார்வ ஆஸ்பத்திரி வழியாகத் தொடங்கிய திட்டம் பல ஆண்டு ஓடியது. பின்னர் அந்த வகை வேலைகள் அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குள் வந்ததால் 2025-இன் அடி இங்கே மெதுவாக விழுந்தது. குளோபல் ஃபண்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். அது 1,800 கோடி டாலர் கேட்டு, 2025 நவம்பரில் 1,134 கோடிக்குத்தான் வாக்குறுதி பெற்றது. இந்தியாவில் அதன் பணம் தொடும் இடங்களான மருந்துக்குக் கட்டுப்படாத டிபி, பரிசோதனைக் கருவிகள், தனியார் டாக்டரிடம் போகும் நோயாளிகளைக் கண்காணிப்பது போன்றவற்றில் ஒப்பந்தப் பணியாளர்கள் அதிகம்.

உள்நாட்டு நிதியும் தவணை முடிந்து நிற்கக்கூடியதுதான். மாநிலம் முழுவதும் அறிவித்த 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் 500 மையங்கள் 2023 ஜூனில் திறந்தன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அந்த மாலை நேரம்தான் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கதவைத் திறந்தது. இந்த மையங்களுக்கான பணம், மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் வந்தது. நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31 வரை. வாஷிங்டன் உத்தரவைவிட வடசென்னையின் எம்.கே.பி. நகர்வாசிக்கு இந்தத் தேதி முக்கியம்.

அறிவிப்பு வந்தால் பார்க்க வேண்டியவை

இனி ‘இத்தனை கோடியில் வெளிநாட்டு உதவியோடு’ என்று செய்தி வந்தால் இவற்றைக் கேட்கலாம்.

1. கடனா, கொடையா? கடன் என்றால் எந்த நாணயத்தில்?
2. டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், மருந்தாளுநர் பணியிடங்கள் நிரந்தரமா, திட்டம் முடியும்வரை ஒப்பந்தமா?
3. கருவியோடு எத்தனை ஆண்டுப் பராமரிப்பு? கார்ட்ரிட்ஜ், ரீஏஜென்ட் யார் பொறுப்பு?
4. நோயாளி விவரம் அரசின் கணினியில் இருக்குமா, கொடுத்தவரின் மென்பொருளில் இருக்குமா? இரண்டாவது என்றால் அவர் போகும்போது பதிவுகளும் போகும்.
5. வெளியேறும் தேதி எழுதப்பட்டிருக்கிறதா?

ஐந்தில் இரண்டாவதற்குப் பதில் கிடைப்பதுதான் கடினம், கேட்டே ஆக வேண்டியதும் அதுதான். பதிலைத் தேட இடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை எண் 19 வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிடுகிறார்கள். வெளிநாட்டு நிதித் திட்டங்களைப் பற்றிய தகவல் அதில் இருக்கும். மாநகராட்சியின் நிலையங்களுக்கு ரிப்பன் மாளிகையின் பட்ஜெட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு திட்டத்தின் பெயரில் சம்பளம் வாங்கிய லேப் டெக்னீஷியன் பணியிடம், திட்டம் முடிந்த அடுத்த ஆண்டு துறையின் வழக்கமான சம்பளக் கணக்குக்கு மாறியிருக்கிறதா, அல்லது அந்த வரியே காணாமல் போயிருக்கிறதா என்று இரண்டு ஆண்டுப் புத்தகங்களை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.